தேயிலைத் தொழிற்சாலைக்கு டேஷ்போர்டு: விலைப்பட்டியலில் வராத செலவுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரியின் தேயிலைத் தொழிற்சாலைகளில் இப்போது 'டேட்டா வேர்ஹவுஸ்' (எல்லாக் கணக்கையும் ஓரிடத்தில் சேர்த்து வைக்கும் தரவுக் கிடங்கு), 'டேஷ்போர்டு' (அதைப் படமாகக் காட்டும் திரை) என்ற பேச்சு அடிபடுகிறது. இலைக் கொள்முதல், தூள் உற்பத்தி, ஏல விலை மூன்றும் ஒரே திரையில் வண்ணக் கோடுகளாக ஓடும் மாதிரியைக் காட்டினால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும். தனியார் தொழிற்சாலை தன் பணத்தைச் செலவழிக்கிறது, அது அவர்கள் பாடு. கூட்டுறவுத் தொழிற்சாலையில் அந்தச் செலவு கடைசியில் அங்கத்தினருக்குக் கிடைக்கும் பசுந்தேயிலை விலையில்தான் வந்து விழும். ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், எந்தச் செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைப் பொதுவில் பேசுவது நல்லது. குன்னூர் வட்டாரத்தில் தொழிற்சாலைக் கணக்கும் கணினியும் பார்ப்பவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம்.

முதலில் அளவு. 1,500 அங்கத்தினர் உள்ள ஒரு தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். ஒருவர் மாதத்துக்குச் சராசரியாக 8 முறை இலை போடுகிறார் என்றால் மாதம் 12,000 எடைப் பதிவு, ஆண்டுக்கு 1,44,000. எக்செல் ஒரு தாளில் 10,48,576 வரிகள் தாங்கும். ஏழு ஆண்டு எடைக் கணக்கு அந்த ஒரே தாளில் அடங்கிவிடும். பத்து ஆண்டுக்கு 14,40,000 வரி. ஒரு வரிக்கு 200 பைட் என்று தாராளமாக வைத்தாலும் 300 மெகாபைட்டைத் தொடாது. கைப்பேசியில் எடுக்கும் ஒரு கல்யாண வீடியோ இதைவிடப் பெரிது. "பிக் டேட்டா" என்று யாராவது சொன்னால், எத்தனை வரி என்று திருப்பிக் கேளுங்கள்.

அளவைப் பார்க்காமல் கிளவுட் சேவை (இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் கணினி) வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு. ஸ்னோஃப்ளேக் என்ற கிளவுட் கிடங்குச் சேவையில் மிகச் சிறிய அளவுக் கணினி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு கிரெடிட் (அவர்களின் கட்டண அலகு) ஆகும். வேலையில்லாதபோது தானாக உறங்க வேண்டும் என்றாலும், அந்தக் காத்திருப்பு நேரம் இயல்பாக 10 நிமிடம் என்றுதான் அமைந்திருக்கும். டேஷ்போர்டை 5 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கச் சொல்லி வைத்தால் அது உறங்கவே உறங்காது. மாதம் 720 மணி, 720 கிரெடிட். மிகக் குறைந்த பதிப்பிலும் ஒரு கிரெடிட் 2 டாலருக்குக் குறையாது. ஆக மாதம் 1,440 டாலர், ஆண்டுக்கு 17,280. இதே வேலையை இரவு ஒரு முறை ஏற்றி, காத்திருப்பை ஒரு நிமிடமாகக் குறைத்தால், பகலில் சிலர் திறந்து பார்ப்பதையும் சேர்த்து இதில் சிறு பங்கே ஆகும். இரண்டுக்கும் வித்தியாசம் அமைப்புகளில் மாற்ற வேண்டிய இரண்டே எண்கள். அதை மாற்றத் தெரிந்த ஆள் தொழிற்சாலைப் பக்கத்தில் இருக்கிறாரா என்பதே கேள்வி.

கூகுளின் கிடங்குச் சேவையான பிக்குவெரியில் பொறி வேறு மாதிரி. அங்கே நாம் கொடுக்கும் கேள்வி (தரவைக் கேட்கும் கட்டளை) எவ்வளவு தரவை வாசிக்கிறதோ அதற்குத்தான் கட்டணம். 'பத்து வரி மட்டும் காட்டு' என்று கேட்டாலும், கேட்ட பத்திகள் (அட்டவணையின் நெடுவரிசைகள்) முழுவதையும் வாசித்துவிட்டுத்தான் பத்து வரியைக் காட்டும். தேதிவாரியாகப் பிரித்து வைக்காத அட்டவணையில் 'எல்லாப் பத்தியும் கொடு' என்று கேட்பதுதான் பில்லை ஏற்றுகிறது. மாதத்துக்கு முதல் 1 டெராபைட் வாசிப்பும் 10 ஜிகாபைட் சேமிப்பும் இலவசம் என்பதால் ஒரு தனித் தொழிற்சாலை ஒழுங்காக அமைத்தால் காசே கட்டாமல்கூட ஓட்டலாம்.

அடுத்து உரிமக் கட்டணம். மைக்ரோசாஃப்டின் டேஷ்போர்டு மென்பொருளான பவர் பி.ஐ. ப்ரோ 2025 ஏப்ரலில் ஒரு நபருக்கு மாதம் 10 டாலரிலிருந்து 14 டாலராக ஏறியது. செய்பவருக்கு மட்டுமல்ல, பகிர்ந்ததைப் பார்ப்பவருக்கும் உரிமம் வேண்டும். இதைப் பலர் கவனிப்பதில்லை. இயக்குநர், மேலாளர், கணக்கர், கொள்முதல் மையப் பொறுப்பாளர் என்று 20 பேர் என்றால் ஆண்டுக்கு 3,360 டாலர். டாலர் 85 ரூபாய் என்று வைத்து 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்த்தால் 3,37,000 ரூபாய். அந்த இருபது பேரில் மாதம் ஒருமுறையாவது திறப்பவர் எத்தனை பேர்? மற்றவர்களுக்கு வாரம் ஒரு பக்கம் பி.டி.எஃப். ஆக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும், காசு கிடையாது.

ஆனாலும் மென்பொருள் விலை சின்ன விஷயம். பெரிய செலவு, எதை எது என்று எண்ணுவது என முடிவு செய்வதில் இருக்கிறது. 'இன்றைக்கு எத்தனை கிலோ இலை?' என்ற எளிய கேள்விக்கே ஒரு தொழிற்சாலையில் குறைந்தது மூன்று பதில் உண்டு. கொள்முதல் மையத்தில் சாக்கோடு போட்ட எடை. சாக்கு எடையும் ஈரத்துக்கான கழிவும் போக விவசாயி கணக்கில் ஏறும் எடை. லாரி தொழிற்சாலைக்கு வந்தபின் போடும் எடை. மையத்தில் 10,000 கிலோ என்றால் விவசாயி கணக்கில் 9,400, தொழிற்சாலை எடையில் 9,600 என்று இருக்கலாம். தூள் 2,300 கிலோ வந்தால் தூள் விகிதம் முதல் எடைப்படி 23 சதவீதம், இரண்டாவதுபடி 24.5, மூன்றாவதுபடி 24. மேலாளர் ஒன்றைச் சொல்வார், கணக்கர் இன்னொன்றைச் சொல்வார், புதிதாக வந்த டேஷ்போர்டு மூன்றாவதைக் காட்டும். மூன்றுமே சரிதான்!

இது வெறும் திரைச் சண்டையாக முடிவதில்லை. இலை வாங்கும் தொழிற்சாலைகள் விற்பனை வருவாயை விவசாயிகளுக்கு 65, தொழிற்சாலைக்கு 35 என்று பகிர வேண்டும் என்ற சூத்திரம் 2003ஆம் ஆண்டின் தேயிலை சந்தைப்படுத்தல் கட்டுப்பாட்டு ஆணையை ஒட்டி வந்தது. புரிதலுக்காக, தூள் சராசரி 110 ரூபாய்க்கு விற்றது என்று வைப்போம். 23 சதவீதத்தில் கணக்கிட்டால் இலை கிலோவுக்கு 16 ரூபாய் 45 காசு. 24.5 சதவீதத்தில் 17 ரூபாய் 50 காசு. சாக்கோடு போட்ட எடையில் விகிதத்தைக் கண்டுபிடித்து, கழிவு போன எடைக்குப் பணம் கொடுத்தால், இந்த ஒரே நாள் இலையில் விவசாயிகளுக்குக் கிட்டத்தட்ட 9,900 ரூபாய் குறைந்துவிடும். யாரும் ஏமாற்ற நினைக்க வேண்டியதில்லை, அட்டவணையில் தவறான பத்தியைத் தொட்டாலே போதும். பழைய முறையில் அனுபவமுள்ள கணக்கர் கண் அந்தப் பத்தியைப் பார்த்ததும் நிறுத்திவிடும். தானாக ஓடும் அறிக்கை நிறுத்தாது. ஆகவே மூன்று எடைக்கும் மூன்று தனிப் பத்தி, தனிப் பெயர், எந்த அறிக்கை எதை எடுக்கும் என்று நிர்வாகக் குழுவின் எழுத்துமூலமான தீர்மானம், இவை இல்லாமல் ஒரு வரி நிரலும் எழுதக் கூடாது.

தேதியும் அப்படியே. இன்று மாலை வரும் இலை இரவெல்லாம் ட்ரஃபில் (காற்றடித்து இலையை வாட்டும் நீள்தொட்டி) வாடி, நாளைதான் தூளாகிறது. இன்றைய தூளை இன்றைய இலையால் வகுத்தால் விகிதம் நாளுக்கு நாள் குதிக்கும். ஞாயிறு இலை வராத மையங்களில் சனிக்கிழமை இலை ஞாயிறன்று ஓடும். அன்றைக்கு வகுக்க இலையே இருக்காது, அறிக்கை பிழை காட்டும், அல்லது முட்டை போடும். ஒவ்வொரு தூள் பதிவிலும் 'எந்த நாள் இலை' என்று தனியாக ஒரு பத்தி வைத்தால்தான் இது தீரும். மாதக் கடைசியில் இதைத் தவறவிட்டால் இரண்டு மாத விகிதமும் கெடும்.

ஏலத் தரவில் இன்னும் இரண்டு இடறல். குன்னூர் ஏலத்தின் விற்பனை எண் ஒவ்வொரு ஜனவரியிலும் ஒன்றிலிருந்து தொடங்குகிறது. எண்ணை மட்டும் அடையாளமாக வைத்தால் இந்த ஆண்டின் 12ஆம் விற்பனை போன ஆண்டின் 12ஆம் விற்பனையோடு கலந்துவிடும். ஆண்டையும் சேர்த்தே வைக்க வேண்டும். இரண்டாவது, ஒரு விற்பனையில் போகாத லாட் (ஒன்றாக ஏலத்துக்கு வைக்கும் தூள்) பின்னொரு விற்பனைப் பட்டியலில் மறுபடி வரும். பட்டியலை அப்படியே கிடங்கில் ஏற்றினால் அந்தத் தூள் இரண்டு முறை எண்ணப்பட்டு, 'ஏலத்துக்கு அனுப்பியது' உற்பத்தியைவிட அதிகமாகத் தெரியும். ஒவ்வொரு தொகுதித் தூளுக்கும் தொழிற்சாலை இடும் இன்வாய்ஸ் எண்ணை அடையாளமாக்கி, பட்டியலில் வந்த நிகழ்வைத் தனி அட்டவணையிலும் விற்ற நிகழ்வைத் தனி அட்டவணையிலும் வைப்பதுதான் முறை.

பெயர்கள் வேறு கதை. மலையில் ஒரே ஊரில் ஒரே பெயரும் ஒரே தலைப்பெழுத்தும் உள்ளவர் நாலு பேர் இருப்பார்கள். தந்தை பேரில் இருந்த தோட்டம் மூன்று மகன்களுக்குப் பிரிந்திருக்கும். அங்கத்தினர் எண்ணைத் தவிர வேறெதையும் நம்ப முடியாது. தமிழில் தட்டச்சு செய்த பழைய பட்டியல்களில் இன்னொரு தொல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தவை யூனிகோடாக மாற்றாவிட்டால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அவற்றையாவது பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாதது ஒன்று உண்டு: 'கோத்தகிரி' என்பதன் முதல் எழுத்தை யூனிகோடில் இரண்டு வகையாகச் சேமிக்கலாம். ஓகாரக் குறி ஒரே எண்ணாக இருக்கலாம், அல்லது முன்னால் வரும் ஏகாரக் கொம்பும் பின்னால் வரும் காலும் தனித்தனி எண்ணாக இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கணினிக்கு இரண்டு ஊர். ஊர்வாரி அறிக்கையில் கோத்தகிரி இரண்டு முறை வரும்போது அலுவலகமே குழம்பும். ஏற்றும்போதே எல்லாத் தமிழ்ப் பத்திகளையும் 'என்.எஃப்.சி.' என்ற யூனிகோடின் சீரான ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும், ஒரு வரி நிரல்தான். தமிழ்நாட்டுக்கு வெளியே செய்த மென்பொருளில் இந்த ஒரு வரியை நாங்கள் எதிர்பார்ப்பதில்லை.

ஏஜென்ட் (விவசாயியின் இலையைச் சேர்த்துத் தொழிற்சாலைக்குக் கொடுப்பவர்) மாறும் விவசாயியையும் சொல்ல வேண்டும். போன ஆண்டு ஒரு ஏஜென்ட் வழியாக இலை போட்டவர் இந்த ஆண்டு வேறொருவரிடம் போனால், அவர் பதிவில் ஏஜென்ட் பெயரை மேலெழுதிவிடுவது எளிது. ஆனால் போன ஆண்டின் கமிஷன் அறிக்கையை மறுபடி எடுத்தால் தொகை மாறிப்போகும், தணிக்கையில் மாட்டும். பழைய வரியை முடிவுத் தேதியோடு விட்டுவைத்து, புது வரியைத் தொடக்கத் தேதியோடு சேர்ப்பது சரியான வழி. இதற்குச் சேமிப்பு சற்றுக் கூடும், கேள்வி எழுதுவது கடினமாகும். எதற்கு வரலாறு வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பத்திவாரியாக முடிவெடுக்கலாம். கைப்பேசி எண்ணுக்கு வரலாறு தேவையில்லை.

கணக்குப் பகுதி பெரும்பாலும் டேலி என்ற கணக்கு மென்பொருளில்தான் இருக்கிறது. அதிலிருந்து வவுச்சர்களை எடுப்பவர்கள் வழக்கமாக 'நேற்றைய தேதி' என்று வடிகட்டி எடுக்கிறார்கள். போன மாத வவுச்சரை இன்று யாராவது திருத்தினால் அது இந்த வடிகட்டியில் சிக்காது, கிடங்கு பழைய தொகையையே வைத்திருக்கும். டேலி ஒவ்வொரு திருத்தத்துக்கும் 'ஆல்டர் ஐடி' என்ற எண்ணை ஏற்றுகிறது. அதை வைத்து எடுத்தால் திருத்தங்கள் வந்துவிடும். அழித்த வவுச்சர் அதிலும் தெரியாது. அதனால் வாரம் ஒருமுறை கடைசி மூன்று மாதத்தை முழுக்க அழித்து மறுபடி ஏற்றிவிடுவது எளிய மருந்து. நம் அளவுக்கு அது சில நிமிட வேலை.

உடனுக்குடன் தெரிய வேண்டும் என்ற ஆசையும் செலவை ஏற்றும். பசுந்தேயிலை விலை மாதக் கணக்கில் முடிவாகிறது, ஏலம் வாரத்துக்கு ஒன்று. ட்ரஃப் விசிறியை எப்போது நிறுத்துவது, டிரையர் சூட்டை எப்போது குறைப்பது என்று தீர்மானிப்பவர் இலையைக் கையில் பிடித்துப் பார்த்துத்தான் சொல்கிறார், திரையைப் பார்த்தல்ல. இரவு ஒரு முறை ஏற்றினால் நூற்றில் தொண்ணூறு பங்கு தேவை முடிந்தது. விளைச்சல் காலத்தில் மட்டும், மாலை எவ்வளவு இலை வந்து இறங்கும், ட்ரஃபில் இடம் இருக்குமா என்பது முன்கூட்டித் தெரிய வேண்டும். அதற்கு நாலு மணிக்கு மையங்களிலிருந்து வரும் ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும்.

மலையின் தன்மையையும் மறக்கக் கூடாது. மழைக்காலத்தில் பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் சாலையோடு கேபிளும் போகும், மரம் விழுந்தால் மின்சாரம் மணிக்கணக்கில் இருக்காது. முழுக்க கிளவுடில் எடை போடும் முறை அன்றைக்கு நின்றுவிடும். எடைப் பதிவு மையத்திலேயே சேமிக்கப்பட்டு, இணைப்பு வந்தபின் போய்ச் சேர வேண்டும். அப்படிப் போய்ச் சேரும்போது ஒரே பதிவு இரண்டு முறை போகாமல் ஒவ்வொரு எடைக்கும் மையத்திலேயே தனி எண் இட வேண்டும். சர்வரைத் தொழிற்சாலையில் வைப்பதானால், தூள் பிரிக்கும் அறைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். தேயிலைப் பஞ்சு மின்விசிறியில் அடைத்து, சூடேறி நின்றுவிடும். காப்புப் பிரதி ஒன்று கட்டடத்துக்கு வெளியே இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து உண்மையிலேயே மீட்டுப் பார்க்க வேண்டும். மீட்டுப் பார்க்காத பிரதி இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

அப்படியானால் எது போதும்? ஒரு தனித் தொழிற்சாலைக்கு 16 ஜி.பி. நினைவகமும் எஸ்.எஸ்.டி. வட்டும் உள்ள சாதாரண கணினி, நல்ல யு.பி.எஸ்., இலவசமான போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், அறிக்கைக்கு மெட்டாபேஸ் மென்பொருளின் இலவசப் பதிப்பு. இலை வரவு, தூள் உற்பத்தி, விற்பனை என்று மூன்று நிகழ்வு அட்டவணைகள். அங்கத்தினர், தேதி, ஏஜென்ட், ரகம் என்று நான்கு பட்டியல்கள். வந்த கோப்பு எதையும் திருத்தாமல் தனி அடுக்கில் அப்படியே வைத்திருக்க வேண்டும், தவறு தெரிந்தால் அங்கிருந்து மறுபடி கட்டலாம். நிறுவனம் முழுமைக்கும் முதலில் கிடங்கு கட்டிவிட்டுப் பிறகு துறைக்குப் பிரிப்பது இத்துறை முன்னோடிகளில் ஒருவரான பில் இன்மன் சொன்ன வழி. ஒரு வேலையில் தொடங்கி, பொதுப் பட்டியல்களால் அடுத்ததை இணைத்துக்கொண்டே போவது இன்னொரு முன்னோடி ரால்ஃப் கிம்பால் வழி. கையில் ஓர் ஆளும் சிறு பட்ஜெட்டும் உள்ள இடத்தில் இரண்டாவதுதான் நடக்கும். இலை வரவில் தொடங்குங்கள். ஒரு மாத இலைப் பட்டுவாடா கிடங்கிலும் டேலியிலும் ரூபாய்க்கு ரூபாய் ஒத்துப்போகும்வரை அடுத்த அட்டவணையைத் தொடாதீர்கள்.

எங்கள் மதிப்பீட்டில் முதல் ஆண்டுச் செலவு: கணினியும் யு.பி.எஸ்.ஸும் 1,50,000, பெயர்ப் பட்டியலைச் சுத்தம் செய்ய இரண்டு பேர், மூன்று மாதம், 90,000, எஸ்.க்யூ.எல். (தரவுத்தளத்தில் கேள்வி எழுதும் மொழி) தெரிந்த ஒருவர் மாதம் 35,000 வீதம் 4,20,000. பயிற்சி, காப்புப் பிரதி 40,000. மொத்தம் 7 லட்சம். முன்பு சொன்ன தொழிற்சாலைக்கு ஆண்டுக்கு 40 லட்சம் கிலோ இலை வருகிறது என்றால் கிலோவுக்கு 17.5 காசு. பெரும்பகுதி சம்பளம் என்பதைப் பாருங்கள். அந்த ஒருவர் கோயம்புத்தூரில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டால் எல்லாம் நிற்கும், எனவே கணக்கர் ஒருவருக்கும் அதே வேலையைக் கற்றுத்தர வேண்டும். மாறாக, உறங்காத கிளவுடும் இருபது உரிமமும் வாங்கினால், மேலே சொன்ன விலைகளில் வரியோடு ஆண்டுக்கு 20,70,000 ரூபாய், கிலோவுக்கு 52 காசு. ஆளுக்கான சம்பளம் அதற்கு மேல்.

கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளின் கூட்டமைப்பான இன்கோசர்வ் போல 16 தொழிற்சாலைகளைச் சேர்த்துப் பார்க்கும் இடத்தில் கிடங்கு உண்மையிலேயே பயன்படும். ஒரு கிலோ தூளுக்கு எந்தத் தொழிற்சாலையில் எத்தனை கிலோ விறகு, எத்தனை யூனிட் மின்சாரம், ஒரே ரகத்துக்கு ஏலத்தில் யாருக்கு எவ்வளவு குறைகிறது என்ற ஒப்பீடு தனித்தனி டேலியில் கிடைக்கவே கிடைக்காது. அங்கேகூட ஆண்டுக்கு 23 லட்சம் எடைப் பதிவு, பத்தாண்டில் 5 ஜிகாபைட்டுக்குள். விலை கூடிய இயந்திரம் அதற்கும் தேவையில்லை. பதினாறு மேலாளர்களும் 'எடை' என்பதற்கு ஒரே பொருள் கொள்ள ஒப்புக்கொள்வதுதான் அங்கே கடினமான வேலை. சிலருக்கு அதில் தங்கள் வசதி போகும்.

டெண்டர் விடுவோர் சில நிபந்தனைகளை எழுத்தில் கேட்க வேண்டும். கிளவுட் கணக்கும் தரவுத்தளத்தின் தலைமைக் கடவுச்சொல்லும் தொழிற்சாலையின் பெயரில், தொழிற்சாலையின் மின்னஞ்சலில் இருக்க வேண்டும்; விற்பனையாளர் பெயரில் இருந்தால் ஒப்பந்தம் முடியும் அன்று தரவு பணயமாகிவிடும். தரவை ஏற்றும் நிரல்கள் மூல வடிவில் ஒப்படைக்கப்பட வேண்டும். எல்லா அட்டவணையையும் எப்போது வேண்டுமானாலும் சி.எஸ்.வி. (எக்செல்லிலும் திறக்கும் எளிய எழுத்து வடிவம்) கோப்பாக எடுக்க முடிய வேண்டும். ஏலத் தளமோ டேலியோ பத்தி அமைப்பை மாற்றினால் எத்தனை நாளில், யார் செலவில் சரிசெய்வது என்பதும் இருக்க வேண்டும். அங்கத்தினரின் ஆதார் நகலையும் முழு வங்கிக் கணக்கு எண்ணையும் கிடங்குக்குள் கொண்டுவரவே கூடாது, பட்டுவாடா மென்பொருளிலேயே இருக்கட்டும். 2023ஆம் ஆண்டின் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பாதுகாப்புத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. அறிக்கைக்கு அங்கத்தினர் எண் ஒன்றே போதும்.

இத்தகைய செலவுத் திட்டம் எதுவானாலும், கிலோ இலைக்கு எத்தனை காசு என்று கணக்கிட்டு அங்கத்தினர் பேரவைக் கூட்டத்தின் பொருள்நிரலில் வைக்க வேண்டும் என்று கூட்டுறவுத் தொழிற்சாலை நிர்வாகங்களை உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தேயிலைத் தொழிற்சாலைக் கணக்கு, கணினிப் பணியாளர்கள் சிலர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.